அமெரிக்க ஸ்டீரியோ அட்டைகள்: 19ஆம் நூற்றாண்டுப் படங்களைச் சேகரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஏழு அங்குல நீளம், மூன்றரை அங்குல அகலம், கெட்டியான ஓர் அட்டை. அதில் அருகருகே இரண்டு புகைப்படங்கள். முதல் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்டீரியோஸ்கோப்பில் செருகிக் கண்ணருகே கொண்டுபோனால் இரண்டும் ஒன்றாகிவிடும். பாறை முன்னே வந்து நிற்கும், பள்ளத்தாக்கு பின்வாங்கும், தண்டவாளத்தின் மேல் நிற்கும் ஆளுக்கும் அவருக்குப் பின்னால் உள்ள மலைக்கும் நடுவே வெட்டவெளி தெரியும்.

1850களின் நடுவில் தொடங்கி அந்த நூற்றாண்டு முடியும்வரை இத்தகைய அட்டைகள் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் தயாராகி, நடுத்தர வீடுகளின் வரவேற்பறைகளை நிறைத்தன. அதனால்தான் இன்றைக்கும் சில நூறு ரூபாய்க்கு அசல் அட்டை ஒன்றை வாங்க முடிகிறது. புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவதற்கும் இதுவே காரணம். மலிவாகக் கிடைப்பதையெல்லாம் வாங்கிக் குவித்துவிட்டு, என்ன சேர்த்தோம் என்று தெரியாமல் நிற்கிறார்கள். அட்டையைப் படிக்கத் தெரிந்த பிறகு வாங்குங்கள். கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி அந்தப் படிப்பைப் பற்றியது.

1. கொஞ்சம் வரலாறு

இரு கண்களும் சற்றே வேறுபட்ட இரு காட்சிகளைப் பார்க்கின்றன, மூளை அவற்றை இணைத்து ஆழத்தை உணர்கிறது என்பதை 1838இல் விளக்கியவர் இங்கிலாந்தின் சார்ல்ஸ் வீட்ஸ்டன். அப்போது புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்படவே இல்லை; அவர் காட்டியது கையால் வரைந்த கோட்டுப் படங்களை. பிறகு டேவிட் புரூஸ்டர் லென்ஸ் பொருத்திய சிறு பெட்டியாக அதை மாற்றினார். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் விக்டோரியா அரசி அதைப் பார்த்து வியந்த பிறகு ஐரோப்பாவில் விற்பனை சூடு பிடித்தது.

அமெரிக்காவுக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் பிலடெல்பியாவின் லாங்கன்ஹைம் சகோதரர்கள். 1854 வாக்கில் அவர்கள் வெளியிட்டவை கண்ணாடியில் செய்யப்பட்ட படங்கள். சந்தையை உண்மையில் திறந்துவிட்டவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற பாஸ்டன் மருத்துவர். அவர் எழுத்தாளரும்கூட. 1859இல் ‘அட்லாண்டிக் மந்த்லி’ இதழில் ஸ்டீரியோ படங்களைக் கொண்டாடி ஒரு கட்டுரை எழுதினார். 1861 வாக்கில் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய, மலிவான மரக் கருவி ஒன்றை வடிவமைத்தார். அதற்குக் காப்புரிமை வாங்காமல் விட்டதால் யார் வேண்டுமானாலும் செய்து விற்றார்கள். கருவி மலிந்தது, அதற்கேற்ப அட்டைகளும் பெருகின.

2. முதல் செலவு ஸ்டீரியோஸ்கோப்புக்கு

அட்டைக்கு முன்னால் கருவி. ஹோம்ஸ் வகைப் பழைய ஸ்டீரியோஸ்கோப்புகள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. வாங்கும்போது லென்ஸ் இரண்டும் விரிசல், கீறல் இல்லாமல் இருக்கின்றனவா, அட்டையைத் தாங்கும் குறுக்குக் கட்டை முன்னும் பின்னும் வழுக்கி நகர்கிறதா என்று பாருங்கள். கைப்பிடி மாற்றப்பட்டிருந்தால் பரவாயில்லை. லென்ஸ் மாற்றப்பட்டிருந்தால் வேண்டாம். பழையதுதான் வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. ‘குயின்’ இசைக்குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே வடிவமைத்த, மடித்து வைக்கும் ‘அவ்ல்’ என்ற பிளாஸ்டிக் கருவி நன்றாகவே வேலை செய்கிறது.

கருவி வந்து சேரும்வரை சும்மா இருக்க வேண்டாம். நியூயார்க் பொது நூலகத்தில் உள்ள ராபர்ட் டென்னிஸ் தொகுப்பில் 70,000க்கும் மேற்பட்ட ஸ்டீரியோ அட்டைகள் இருக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திலும் பல்லாயிரம் உண்டு. இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சில நூறு அட்டைகளை அங்கே புரட்டிவிட்டுச் சந்தைக்கு வாருங்கள். எது அரிது, எது தெருவுக்குத் தெரு கிடைப்பது என்பது ஓரளவு கண்ணுக்கே பிடிபட்டுவிடும்.

திரையில் சிறிதாகத் தெரியும் இரட்டைப் படத்தைக் கருவி இல்லாமலே இணைத்துப் பார்க்கவும் பழகலாம். தொலைவில் எதையோ வெறிப்பதுபோல் பார்வையைத் தளர்த்தினால் நடுவில் மூன்றாவது படம் ஒன்று எழும். கண்ணை மூக்கை நோக்கிக் குறுக்கினால் ஆழம் தலைகீழாகிவிடும். அது சரியான முறை அல்ல. சிலருக்கு இது வரவே வராது. வராவிட்டால் கவலை வேண்டாம், கருவி இருக்கிறது.

3. ஒரு சிறு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்

‘அமெரிக்கக் காட்சிகள்’ என்பது ஒரு கண்டம். அதை முழுக்கச் சேர்க்க முடியாது. ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்.

உள்நாட்டுப் போரில்தான் பெரும்பாலோர் தொடங்க ஆசைப்படுகிறார்கள். 1862 செப்டம்பரில் ஆன்டீட்டம் போர்க்களத்தில் அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்த படங்கள் அடுத்த மாதமே நியூயார்க்கில் மாத்யூ பிராடியின் புகைப்படக் கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. போரில் இறந்தவர்களின் உடல்களை அமெரிக்கர்கள் புகைப்படமாகப் பார்த்தது அதுவே முதல்முறை. அவற்றில் பெரும்பாலானவை ஸ்டீரியோ நெகட்டிவ்கள். போர்க்காலத்திலேயே இத்தகைய படங்களை நியூயார்க்கின் ஆன்டனி நிறுவனம் அட்டைகளாக விற்றது. பிற்காலத்தில் ஹார்ட்ஃபோர்டின் டெய்லர் - ஹன்டிங்டன் நிறுவனம் பழைய போர் நெகட்டிவ்களிலிருந்து புதிய அட்டைகள் போட்டது. ஒரே காட்சிதான், ஆனால் விலையில் பெரிய இடைவெளி. இந்த வேறுபாடு பிடிபடும்வரை போர்ப் படங்களின் பக்கம் போகாதீர்கள் என்பது என் எண்ணம்.

இருப்புப்பாதை எனக்குப் பிடித்த துறை. சென்ட்ரல் பசிபிக் நிறுவனம் சியரா நெவாடா மலைகளைக் குடைந்து பாதை போட்டதை ஆல்ஃபிரட் ஹார்ட் 364 எண்ணிட்ட ஸ்டீரியோ படங்களாகப் பதிவு செய்தார். 1869 மே 10 அன்று யூட்டாவின் பிராமன்டரியில் அந்தப் பாதையும் யூனியன் பசிபிக் நிறுவனத்தின் பாதையும் இணைந்த விழாவை யூனியன் பசிபிக்கின் புகைப்படக்காரர் ஆண்ட்ரூ ரஸ்ஸல் எடுத்தார். அந்த விழாவின் புகழ்பெற்ற படத்தைப் பார்த்து, பாதை போட்டவர்கள் வெள்ளையர்கள் மட்டுமே என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. ஹார்ட்டின் அட்டைகளில் சீனத் தொழிலாளர்களும் அவர்களுடைய கூடாரங்களும் இருக்கின்றன. எண்ணிட்ட வரிசை என்பதால் எது இருக்கிறது, எது இல்லை என்று குறித்துக்கொண்டே போகலாம்; சேகரிப்பவருக்கு அது ஒரு தனிச் சுகம். முழு வரிசையும் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இயற்கைக் காட்சி என்றால் யோசமிட்டியும் யெல்லோஸ்டோனும். கார்ல்டன் வாட்கின்ஸ் 1861இல் யோசமிட்டியில் எடுத்த படங்கள் கிழக்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தன. 1864இல் லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1871இல் ஹேடன் நில அளவைக் குழுவோடு வில்லியம் ஹென்றி ஜாக்சன் யெல்லோஸ்டோன் போனார். மறு ஆண்டே அது தேசியப் பூங்கா ஆனது. இவர்களுடைய முதல் பதிப்பு அட்டைகள் விலை உயர்ந்தவை.

கையில் பணம் குறைவு, ஆனால் அழகான அட்டை வேண்டும் என்றால் நயாகரா. அருவியைச் சுற்றி சார்ல்ஸ் பியர்ஸ்டாட், ஜார்ஜ் பார்க்கர், ஜார்ஜ் கர்டிஸ் என்று பலர் கடை விரித்து சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றதால் அட்டைகள் ஏராளம். குளிர்காலத்தில் பனி உறைந்து தொங்கும் காட்சிகளைத் தேடுங்கள். பனியின் அடுக்குகள் ஸ்டீரியோவில் காட்டும் ஆழத்தை வேறு எந்தப் பொருளும் காட்டுவதில்லை.

பேரழிவுகள் ஒரு தனிக் கிளை. 1871 அக்டோபரில் எரிந்த சிகாகோ, 1889 மே 31 அன்று அணை உடைந்து மூழ்கிய ஜான்ஸ்டவுன் ஆகியவற்றின் அட்டைகள் அதிகம் கிடைக்கின்றன. பேரழிவு அல்லாத 1876 பிலடெல்பியா, 1893 சிகாகோ கண்காட்சிகளின் அட்டைகளும் அதேபோல் அதிகம் கிடைக்கின்றன.

இவை எல்லாவற்றையும்விட நான் பரிந்துரைப்பது ஒரு சிறு நகரம் அல்லது ஒரு வட்டாரம். அந்தக் காலத்தில் சிறு ஊரிலும் ஒரு புகைப்படக்காரர் இருந்தார். தன் ஊரின் கடைவீதியையும் மரப்பாலத்தையும் தேவாலயத்தையும் எடுத்து, கொஞ்சமே கொஞ்சம் அட்டைகள் போட்டு உள்ளூரில் விற்றார். நயாகரா அட்டை ஆயிரம் பேரிடம் இருக்கும். ஒஹாயோவின் ஏதோ ஒரு கடைத்தெரு, கடைப் பலகை படிக்கும்படியாக, படிக்கட்டில் ஆட்கள் நிற்கும்படியாக இருந்தால், அதற்கு இன்னொரு பிரதி இல்லாமலே போகலாம். விலையோ அவ்வளவு இல்லை. எனக்கு அதுதான் சேகரிப்பு.

ஓர் எச்சரிக்கை. கறுப்பின மக்களையும் பூர்வகுடிகளையும் காட்டும் அட்டைகளின் தலைப்புகளில் அக்கால வெறுப்பும் ஏளனமும் அப்படியே இருக்கும். பருத்தி வயல் அட்டைகளிலும் நகைச்சுவைத் தொடர்களிலும் இது மோசம். பூர்வகுடிகளின் படங்கள் சிலவற்றில் உடையே படத்துக்காகக் கொடுக்கப்பட்டது. இவற்றை ஆவணமாகச் சேர்க்கலாம், ஆனால் தலைப்பு சொல்வதை அப்படியே நம்பக்கூடாது.

4. அட்டையின் வயதைக் கண்டுபிடியுங்கள்

புதியவரையும் தேர்ந்தவரையும் பிரிப்பது இந்த இடம்தான். படத்தைப் பார்க்கும் முன் அட்டையைப் பாருங்கள்.

மூலைகள்: 1860களின் பிற்பகுதி வரை அட்டைகளின் மூலை சதுரமாக, கூராக இருக்கும். 1868 வாக்கில் வட்ட மூலை வந்தது. கூர்மூலை சீக்கிரம் மடங்கிக் கிழிந்ததே காரணம். கத்தரியால் பின்னாளில் வட்டமாக்கப்பட்டவையும் உண்டு, கவனம்.

நிறம்: 1850களிலும் 60களின் தொடக்கத்திலும் வெள்ளை, தந்த நிறம், சாம்பல். 1860களில் மஞ்சள் பரவியது. அதன் பிறகு ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, பச்சை, ஊதா என்று 70களில் அமர்க்களம்.

வளைவு: 1880 வரை அட்டைகள் தட்டையானவை. அதன்பின் வேண்டுமென்றே வளைத்த அட்டைகள் வந்தன. லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது ஆழம் கூடுதலாகத் தெரியும் என்பது விற்றவர்களின் வாதம். அண்டர்வுட், கீஸ்டோன் போன்ற பெரிய நிறுவனங்களின் அட்டைகள் பெரும்பாலும் இந்த வகை. தட்டை அட்டை ஈரத்தில் தானாக வளைந்திருந்தால் அது வேறு.

அளவு: 1870களின் தொடக்கத்தில் நான்கரை அங்குல உயரமுள்ள ‘கேபினட்’ அளவும் சேர்ந்துகொண்டது.

ரெவின்யூ ஸ்டாம்ப்: எனக்குத் தெரிந்த மிகத் துல்லியமான சான்று இது. உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை புகைப்படங்கள்மீது வரி இருந்தது. 25 சென்ட் வரை விலையுள்ள படத்துக்கு 2 சென்ட் ஸ்டாம்ப், அதற்கு மேல் 50 சென்ட் வரை 3 சென்ட். அட்டையின் பின்னால் ஸ்டாம்ப் ஒட்டி, விற்றவர் தன் பெயரின் முதல் எழுத்துகளையும் சில சமயம் தேதியையும் அதன்மேல் எழுதி ரத்து செய்தார். ஸ்டாம்ப் இருந்தால் அட்டை விற்பனையான காலம் இரண்டே ஆண்டுக்குள் அடங்கிவிடுகிறது.

பிரிண்ட்: 1890கள் வரை பெரும்பாலும் ஆல்புமன், அதாவது முட்டை வெண்கரு பூசிய தாள். பழுப்பும் ஊதாவும் கலந்த நிறம், மெல்லிய பளபளப்பு, வெளிச்சப் பகுதிகளில் மஞ்சள். உருப்பெருக்கியில் பார்த்தால் வெண்கருப் படலத்தில் மெல்லிய வெடிப்புகளும் தாளின் நார்களும் தெரியும். பிறகு வந்த ஜெலட்டின் பிரிண்ட்கள் கறுப்பு வெள்ளைக்கு நெருக்கமானவை. உருப்பெருக்கியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது புகைப்படமே அல்ல, அச்சகத்தில் அடித்தது. நூற்றாண்டு திரும்பும் சமயத்தில் வண்ணத்தில் வந்த மலிவு அச்சு அட்டைகள் இன்றும் விலை போவதில்லை.

இவற்றில் எதையும் தனியாக நம்பாதீர்கள். பழைய மஞ்சள் அட்டை கையிருப்பில் மிஞ்சியிருந்தால் புகைப்படக்காரர் பத்தாண்டு கழித்தும் அதையே பயன்படுத்தியிருப்பார். படம் எடுத்த ஆண்டு வேறு, பிரிண்ட் போட்ட ஆண்டு வேறு என்பதை மறக்கக்கூடாது. மூன்று சான்றுகள் ஒரே காலத்தைக் காட்டினால் அந்தக் காலத்தை ஏற்கலாம்.

5. எடுத்தவர் வேறு, விற்றவர் வேறு

அட்டையில் அச்சான பெயர் பல சமயம் வெளியீட்டாளருடையது. வாட்கின்ஸின் கதை இதற்கு நல்ல பாடம். 1870களின் நடுவில் கடனில் அவருடைய கூடம் கைமாறியது. நெகட்டிவ்கள் ஐசையா டேபரிடம் போய்ச் சேர்ந்தன. டேபர் தன் பெயரிலேயே பிரிண்ட் போட்டு விற்றார். வாட்கின்ஸ் அதே இடங்களுக்குத் திரும்பப் போய் ‘நியூ சீரீஸ்’ என்று மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. அதே வாட்கின்ஸ், ஹார்ட்டின் இருப்புப்பாதை நெகட்டிவ்களைத் தன் பெயரில் வெளியிட்டவரும்கூட. குதிரை ஓட்டத்தைப் படம் பிடித்துப் புகழடைந்த எட்வர்ட் மைபிரிட்ஜ், அதற்கு முன் ‘ஹீலியோஸ்’ என்ற பெயரில் அட்டைகள் விற்றார்.

பெரிய நிறுவனங்களில் நினைவில் வைக்க வேண்டியவை சில. நியூ ஹாம்ப்ஷயரின் லிட்டில்டனில் கில்பர்ன் சகோதரர்கள். கான்சஸில் தொடங்கிய அண்டர்வுட் அண்ட் அண்டர்வுட். 1892இல் பென்சில்வேனியாவின் மீட்வில்லில் தொடங்கிய கீஸ்டோன் வியூ. கீஸ்டோன் மற்ற நிறுவனங்களின் நெகட்டிவ்களை வாங்கிக் குவித்தது. அதனால் கீஸ்டோன் பெயருள்ள அட்டையில் இருப்பது வேறு யாரோ முன்பே எடுத்த படமாக இருக்கலாம்.

திருட்டுப் பதிப்புகளும் அன்றே இருந்தன. ஒருவர் விற்ற அட்டையை இன்னொருவர் படம்பிடித்து மலிவாக விற்றார். படம் மங்கி, வெள்ளையும் கறுப்பும் மட்டும் தூக்கலாக, பின்புறம் பெயரே இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

6. ஆழம் இருக்கிறதா என்று சோதியுங்கள்

ஸ்டீரியோ அட்டை என்று விற்பவை எல்லாம் ஸ்டீரியோ அல்ல. ஒரே படத்தின் இரு பிரதிகளை ஒட்டிய போலிகள் உண்டு. அருகில் உள்ள ஒரு கம்பத்தையும் தொலைவில் உள்ள ஒரு ஜன்னலையும் எடுத்துக்கொண்டு, இடையிலுள்ள தூரத்தை இரு படங்களிலும் அளந்து பாருங்கள். கொஞ்சமும் மாறவில்லை என்றால் ஆழம் கிடையாது.

இன்னொரு வகைப் பிழை: இரட்டை லென்ஸ் கேமராவில் எடுத்த நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போட்ட பிறகு, இரு பாதிகளையும் வெட்டி இடம் வலம் மாற்றி ஒட்ட வேண்டும். அதை மறந்து ஒட்டிய அட்டைகளில் அருகில் உள்ளது தொலைவிலும், தொலைவில் உள்ளது அருகிலும் தெரியும். வேடிக்கைக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

7. நிலையும் விலையும்

பிரிண்டின் தொனிதான் முதலில். நிழலில் விவரம் தெரிகிறதா, வெளிச்சத்தில் மேகமும் நுரையும் கரைந்துபோகாமல் இருக்கின்றனவா? வெளிறிய படத்தை எதுவும் மீட்காது. அட்டையின் ஓரம் தேய்ந்திருந்தால் மன்னிக்கலாம். படத்தின் மேல் கறை, அதிலும் ஒரு பாதியில் மட்டும் கறை இருந்தால், ஸ்டீரியோஸ்கோப்பில் அது நடுவானில் மின்னிக்கொண்டு கண்ணை உறுத்தும்.

சாதாரண கீஸ்டோன் அட்டை ஓரிரு டாலருக்குக் கிடைக்கும். நல்ல நிலையிலுள்ள வாட்கின்ஸ், ரஸ்ஸல், போர்க்கால ஆன்டனி அட்டைகள் நூற்றுக்கணக்கான டாலர் வரை போகும், சில அதற்கும் மேலே. இந்தியாவிலிருந்து வாங்குகிறவர்களுக்கு அட்டையைவிட அஞ்சல் கட்டணம் அதிகமாகிவிடும். ஒரே விற்பனையாளரிடம் பலவற்றைச் சேர்த்து, ஒரே உறையில் அனுப்பச் சொல்லுங்கள். சுங்கவரி பற்றி முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இணைய ஏலங்களில் வாங்கும்போது பின்புறத்தின் படத்தைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். ‘நூறு அட்டை மொத்தமாக’ என்று வரும் கட்டுகளில் நல்லவை ஏற்கெனவே உருவப்பட்டிருக்கும். 1974இல் அமெரிக்காவில் தொடங்கிய நேஷனல் ஸ்டீரியோஸ்கோபிக் அசோசியேஷன் ‘ஸ்டீரியோ வேர்ல்ட்’ என்ற இதழை நடத்துகிறது. சந்தேகம் தீர்க்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். நூல் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வில்லியம் டாரா எழுதி 1977இல் வந்த ‘தி வேர்ல்ட் ஆஃப் ஸ்டீரியோகிராஃப்ஸ்’ வாங்குங்கள்.

8. நம் ஊர் ஈரத்தில் காப்பாற்றுவது

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கடலோரக் காற்றில் ஆல்புமன் படம் வைத்திருப்பது லேசான காரியம் அல்ல. வெண்கருவும் பசையும் பூஞ்சைக்கும் வெள்ளிமீன் பூச்சிக்கும் விருந்து. ஒவ்வொரு அட்டையையும் பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். பிவிசி உறை கூடவே கூடாது, அதிலிருந்து கசியும் வேதிப்பொருள் படத்தைக் கெடுக்கும். அமிலமற்ற பெட்டியில், நெட்டுக்குத்தாக, இறுக்காமல் அடுக்குங்கள். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவும் சமையலறைப் பக்க அலமாரியும் வேண்டாம். சிலிக்கா ஜெல் போட்டால் அவ்வப்போது மாற்றுங்கள்.

ஈரத் துணியால் துடைக்காதீர்கள், ஆல்புமன் உரிந்துவிடும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். வளைந்த அட்டையை அழுத்தித் தட்டையாக்க முயன்றால் படம் வெடிக்கும். செலோடேப், லேமினேஷன் இரண்டையும் மறந்துவிடுங்கள்.

9. பதிவேடு

வாங்கிய அன்றே குறித்துக்கொள்ளுங்கள்: தலைப்பு, எண், புகைப்படக்காரர், வெளியீட்டாளர், அட்டையின் நிறமும் மூலையும், வாங்கிய இடம், கொடுத்த விலை. குறிப்பு உறையின் மேலோ நோட்டிலோ இருக்கட்டும், அட்டையில் எழுத வேண்டாம். அட்டையின் பின்னால் முன்பு யாரோ பென்சிலில் எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். ஊர் பெயரோ வீட்டுக்காரர் பெயரோ அங்கேதான் மிஞ்சியிருக்கும்.

அடையாளம் தெரியாத சிறு நகரத்து அட்டை கிடைத்தால் இரு பக்கங்களையும் ஸ்கேன் செய்து அந்த ஊரின் வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். அவர்களிடம் அந்தத் தெருவின் படம் இல்லாமலும் இருக்கலாம். முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பிவிடாதீர்கள், பின்பக்கமும் வேண்டும்.